தென்காசி வீட்டுல தூங்கிட்டிருக்கிற பழைய கம்ப்யூட்டர்... ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஜூன் பிறந்து, ஆரியங்காவு கணவாய் வழியா குளிர்ந்த காத்து வீச ஆரம்பிச்சதும் சென்னையிலயும் பெங்களூர்லயும் வேலை பார்க்குற தென்காசிப் பிள்ளைகளுக்கு மனசு ஊருக்குப் போயிடும். சனி, ஞாயிறோட ஒரு நாள் லீவைச் சேர்த்துப் போட்டு பஸ் ஏறிடுவீங்க. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம்னு ஒரு சுற்று. சாரல்ல நனைஞ்சு, சூடா பரோட்டா சாப்பிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தா, அம்மா ஒரு வேலை வெச்சிருப்பாங்க.

"எய்யா, தாத்தாவோட அறுபதாம் கல்யாணப் போட்டோ எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்லதான இருக்கு? ஒண்ணு பிரின்ட் போட்டுக் குடேன்."

ஹால் மூலையில துணி போர்த்தி வெச்சிருக்கிற டெஸ்க்டாப்பை எடுத்து, தூசி தட்டி, பிளக்கைச் சொருகி ஆன் பண்றீங்க. ஃபேன் சத்தம் கேட்குது. கறுப்புத் திரையில வெள்ளை எழுத்து: 'டிஸ்க் பூட் ஃபெயிலியர்'. அவ்வளவுதான், அதுக்கு மேல நகரலை.

இந்த இடத்துல பெரும்பாலான வீடுகள்ல கேட்கிற வசனம் ஒண்ணு உண்டு: "கடையில குடுத்து ஃபார்மட் பண்ணி, புதுசா விண்டோஸ் போட்டா சரியாயிடும்." ஆமா, கம்ப்யூட்டர் சரியாயிடும். தாத்தா போட்டோ போயிடும்.

ஏன் இந்தப் பழைய டிஸ்க் முக்கியம்?

இன்னிக்கு நீங்க எடுக்கிற போட்டோ, எடுத்த கொஞ்ச நேரத்துல கிளவுடுக்குப் போயிடுது. ஆனா, கூகுள் போட்டோஸ் வந்ததே 2015-லதான். அதுக்கு முந்தைய பத்து வருஷம் டிஜிட்டல் கேமரா காலம். மெமரி கார்டுல இடம் கம்மி. அதனால, ஒவ்வொரு விசேஷம் முடிஞ்சதும் படங்களை கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணிட்டு, கார்டை அழிச்சிட்டு, அடுத்த விசேஷத்துக்குத் தயாராவோம். நெகட்டிவ் கிடையாது, பிரின்ட்டும் போட்டிருக்க மாட்டோம். அந்தப் பத்து வருஷக் குடும்ப வரலாற்றுக்கு உலகத்துல இருக்கிற ஒரே பிரதி, உங்க வீட்டு ஹால் மூலையில இருக்கிற அந்த ஹார்டு டிஸ்க்கா இருக்கலாம்.

தென்காசிக்குப் பக்கத்துல மத்தளம்பாறையில இருக்கிற ஜோஹோ அலுவலகத்துல உட்கார்ந்து உலகத்துக்கே சாஃப்ட்வேர் எழுதுறாங்க. ஆனா, அதே ஊர் வீடுகள்ல இருக்கிற 2008 மாடல் டெஸ்க்டாப்பைத் திறந்து பார்க்கத் தெரிஞ்ச ஆள் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. அதனால, கொஞ்சம் விஷயத்தை நீங்களே தெரிஞ்சு வெச்சுக்கிறது நல்லது.

மறந்தது டிஸ்க்கா, கம்ப்யூட்டரா?

முதல்ல ஒரு நல்ல செய்தி. பல மாசம் சும்மா கிடந்த டெஸ்க்டாப் இப்படி அடம்பிடிச்சா, டிஸ்க் செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லை. 'டிஸ்க் எங்கே, எப்படி இருக்கு'ங்கிற விவரத்தை கம்ப்யூட்டர் மறந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

மதர்போர்டுல ஒரு ரூபாய் நாணயம் மாதிரி வட்டமா ஒரு பேட்டரி இருக்கும். பேர் சி.ஆர்.2032, மூணு வோல்ட். மெஷின் மின்சாரம் இல்லாம இருக்கிறப்போ தேதி, நேரம், பயாஸ் செட்டிங்ஸ் எல்லாத்தையும் பிடிச்சு வெச்சிருக்கிறது அதுதான். பிளக் சொருகியிருக்கிற வரைக்கும் பேட்டரிக்குப் பெருசா வேலை இல்லை. ஆனா, நம்ம ஊர்ல என்ன பண்ணுவோம்? ஐப்பசி, கார்த்திகையில இடி மின்னல்னா முதல் வேலையா பிளக்கைப் பிடுங்குவோம். நல்ல பழக்கம்தான். அப்படிப் பிடுங்கினதை மறுபடி சொருகாமலே மாசக்கணக்குல விட்டுடுவோம். அப்போ முழுப் பாரமும் அந்த வயசான பேட்டரி மேல விழுது. அது தீர்ந்துபோனா, பயாஸ் தன்னோட தொழிற்சாலை செட்டிங்ஸுக்குத் திரும்பிடும். அதுல உங்க டிஸ்க் இருக்கிற விதம் சரியா இல்லைன்னா, விண்டோஸ் எழுந்திருக்காது.

இதைக் கண்டுபிடிக்க சுலபமான வழி, தேதி. கம்ப்யூட்டர் இது ஏதோ பழைய வருஷத்தோட ஜனவரி 1-ம் தேதின்னு காட்டினா, பேட்டரி போயாச்சு. சில சமயம் விண்டோஸ் திறந்துடும். ஆனா, எந்த இணையதளத்துக்குப் போனாலும் 'பாதுகாப்பு இல்லை'ன்னு எச்சரிக்கை வரும். அதுக்கும் காரணம் இந்தத் தப்பான தேதியா இருக்கலாம்.

முதல் வேலை: காது கொடுங்க

ஆன் பண்ணினதும் கேபினட் பக்கத்துல காதை வெச்சுக் கேளுங்க.

'ஊஊ...'ன்னு சீரா சுத்துற சத்தம், நடுநடுவே மெல்லிய 'கிர் கிர்'. இது ஆரோக்கியமான சத்தம்.

'டக்... டக்... டக்...'னு ஒரே தாளத்துல திரும்பத் திரும்பக் கேட்டா, உடனே ஆஃப் பண்ணிடுங்க. டிஸ்க்குக்குள்ள இருக்கிற தட்டு நிமிஷத்துக்கு 7,200 தடவை சுத்தும். அதைப் படிக்கிற ஹெட், முடியோட தடிமனைவிடப் பல மடங்கு குறைவான இடைவெளியில தட்டுக்கு மேல மிதந்துக்கிட்டு இருக்கும். அந்த ஹெட் வழி தெரியாமத் தடுமாறுற சத்தம்தான் இந்த 'டக் டக்'. இன்னொரு முறை ஆன் பண்ணிப் பார்ப்போமேன்னு தோணும். பண்ணாதீங்க. ஒவ்வொரு முறையும் தட்டுல கீறல் விழுற அபாயம் இருக்கு.

பீப் பீப்னு சத்தம் மட்டும் வந்து திரையில ஒண்ணுமே வரலைன்னா, பிரச்னை ரேம்லயா இருக்க வாய்ப்பு அதிகம். பிளக்கைப் பிடுங்கிட்டு ரேமைக் கழட்டி, அதோட தங்க நிறப் பட்டையை ரப்பரால மெதுவா துடைச்சு, தூளை ஊதிட்டு மாட்டிப் பாருங்க. சாரல் காலத்து ஈரக்காத்து இந்த மாதிரி இணைப்புகள்ல படிஞ்சு செய்யற சேட்டை இது.

இன்னொரு விஷயம். கூரை ஒழுகியோ வெள்ளம் வந்தோ கேபினட் நனைஞ்சிருந்தா, ஆன் பண்ணவே கூடாது. நனைஞ்ச டிஸ்க்கை வெயில்ல காயவைக்கிறதும், ஹேர் டிரையர் பிடிக்கிறதும் வேண்டாம். அது நேரா டேட்டா ரெக்கவரி ஆளுங்ககிட்ட போக வேண்டிய கேஸ்.

ரெண்டாவது: பயாஸ்ல பேர் இருக்கா?

சத்தம் சரியா இருக்கா? அப்போ முதல்ல, யு.எஸ்.பி-யில ஏதாவது பழைய பென் டிரைவ் மாட்டியிருக்கா, சி.டி டிரைவ்ல ஏதாவது கிடக்குதான்னு பாருங்க. கம்ப்யூட்டர் அதுல விண்டோஸைத் தேடிட்டு நின்னிருக்கலாம். சிரிக்காதீங்க, நிறைய பேருக்கு இதுவேதான் பிரச்னை.

அது இல்லைன்னா, ஆன் பண்ணின உடனே 'டெலிட்' கீயை விட்டு விட்டு அழுத்துங்க. சில பிராண்டுகள்ல எஃப்2. நீல நிறத்துலயோ சாம்பல் நிறத்துலயோ ஒரு பக்கம் திறக்கும். அதுதான் பயாஸ். எதையும் மாத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல படம் எடுத்து வெச்சுக்கோங்க.

அந்தப் பட்டியல்ல உங்க ஹார்டு டிஸ்க்கோட பேர் இருக்கான்னு பாருங்க. சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் மாதிரி கம்பெனியோட மாடல் எண் தெரியும். இங்கதான் பாதை ரெண்டா பிரியுது.

பேர் இருந்தா: செட்டிங்ஸ் தப்பு

டிஸ்க் உயிரோட இருக்கு, கம்ப்யூட்டருக்குக் கண்ணுக்கும் தெரியுது. சந்தோஷப்படலாம். இப்போ வரிசையா இதைச் செய்யுங்க.

ஒண்ணு, பேட்டரியை மாத்துங்க. சுவிட்சை ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிங்க. மிச்சம் இருக்கிற மின்சாரம் வடிஞ்சிடும். கேபினட்டோட இரும்புப் பகுதியை ஒரு தடவை தொட்டுட்டு, பழைய பேட்டரியை எடுத்துட்டு, பிளஸ் குறி மேல தெரியுற மாதிரி புதுசைப் போடுங்க. வாட்ச் கடையிலயே கிடைக்கும். இதை முதல்ல செய்யணும். இல்லைன்னா, நீங்க பார்த்துப் பார்த்து வெச்ச செட்டிங்ஸ் எல்லாம் அடுத்த முறை பிளக்கைப் பிடுங்கும்போது மறுபடி காணாமப்போயிடும்.

ரெண்டு, தேதியையும் நேரத்தையும் சரிபண்ணுங்க.

மூணு, 'சாட்டா மோடு'ங்கிற செட்டிங்கைத் தேடுங்க. சில போர்டுகள்ல 'சாட்டா கான்ஃபிகரேஷன்'னு இருக்கும். அதுல ஐ.டி.இ, ஏ.எச்.சி.ஐ-ன்னு ரெண்டு வழி இருக்கும். டிஸ்க்கோட எந்த முறையில பேசணும்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றதுதான் இது. விண்டோஸை இன்ஸ்டால் பண்ணினப்போ எந்த முறை இருந்துச்சோ, அதே முறையிலதான் பழைய விண்டோஸ் எழுந்திருக்கும். எக்ஸ்.பி-க்கு ஏ.எச்.சி.ஐ பாஷையே தெரியாது. தனியா டிரைவர் போட்டாதான் உண்டு. விண்டோஸ் 7-க்குத் தெரியும், ஆனா, ஐ.டி.இ முறையில இன்ஸ்டால் பண்ணியிருந்தா அந்தப் பாஷையை மூடி வெச்சிருக்கும். ரெண்டுலயுமே முறை மாறினா என்ன ஆகும்? விண்டோஸ் லோகோ வரும், சட்டுனு நீலத்திரை வரும், கடைசியில '7பி'ன்னு முடியுற ஒரு எண் வரும், திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். இதைப் பார்த்தா, இருக்கிற முறையை அடுத்ததுக்கு மாத்தி, எஃப்10 அழுத்தி சேவ் பண்ணிப் பாருங்க. பல நேரம் அந்த ஒரு மாற்றத்துலயே பழைய டெஸ்க்டாப் படம் கண் முன்னாடி வந்து நிக்கும். இந்த முறையை மாத்துறதால டிஸ்க்ல இருக்கிற ஃபைல் எதுவும் அழியாது. பயப்படாதீங்க.

அதே இடத்துல 'ரெய்டு'ன்னு மூணாவதா ஒண்ணு இருக்கலாம். அலுவலகங்களுக்குன்னு வந்த சில டெஸ்க்டாப்கள்ல தொழிற்சாலையிலேயே அப்படித்தான் வெச்சிருப்பாங்க. மத்த ரெண்டும் வேலை செய்யலைன்னா அதுக்கு மாத்திப் பார்க்கலாம். ஆனா, அதுக்கு அப்புறம் புதுசா 'ரெய்டு' உருவாக்கச் சொல்லி எந்தத் திரை கேட்டாலும் வெளியே வந்துடுங்க. அதுக்கு 'சரி' சொன்னா ஃபைல்கள் போயிடும்.

நாலு, 'பூட் ஆர்டர்'ல உங்க ஹார்டு டிஸ்க்கை முதல் இடத்துக்குக் கொண்டுவாங்க. ரெண்டு டிஸ்க் இருந்தா, விண்டோஸ் இருக்கிறது எதுன்னு பார்த்து அதை முன்னால வைங்க.

ஒரு நேரத்துல ஒரு மாற்றம்தான். மாத்தி, சேவ் பண்ணி, பார்த்துட்டுத்தான் அடுத்தது.

பேர் இல்லைன்னா: கேபிள் கதை

பயாஸ்ல டிஸ்க்கே தெரியலைன்னா, பிளக்கைப் பிடுங்கிட்டு கேபினட்டைத் திறங்க. கழட்டுறதுக்கு முன்னாடி எந்த வயர் எங்கே போகுதுன்னு போன்ல படம் எடுங்க. பின்னாடி மாட்டும்போது இந்தப் படம்தான் கைகொடுக்கும்.

விரல் அகலத்துல ஒல்லியான கேபிள் இருந்தா, அது சாட்டா. 2003 வாக்குல வந்த முறை. ரெண்டு முனையையும் கழட்டித் திரும்ப மாட்டுங்க. அப்பவும் தெரியலையா? போர்டுல வேற போர்ட்ல மாட்டிப் பாருங்க. சி.டி டிரைவோட கேபிளைக் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்க. டிஸ்க்குக்குப் போற பவர் வயரையும் மாத்திப் பாருங்க. காசு செலவே இல்லாத வைத்தியம், பல தடவை பலிக்கும்.

பனை ஓலை மாதிரி பட்டையா, அகலமா கேபிள் இருந்தா, அது ஐ.டி.இ. அதுக்கும் முந்தின தலைமுறை. இதுல ஒரே கேபிள்ல ரெண்டு டிரைவ் மாட்டலாம். அதனாலதான் வம்பும். யார் முதல், யார் ரெண்டாவதுன்னு டிரைவ் பின்னாடி இருக்கிற ஜம்பர்ங்கிற குட்டி பிளாஸ்டிக் மூடிதான் சொல்லும். ஹார்டு டிஸ்க், சி.டி டிரைவ் ரெண்டுமே 'முதல் ஆள்' இடத்துல இருந்தா, ரெண்டுமே தெரியாமப் போகலாம். ஒரு வீட்டுக்கு ரெண்டு பேர் நாட்டாமை பண்ணினா என்ன ஆகும்? அதேதான். டிஸ்க் மேல ஒட்டியிருக்கிற லேபிள்ல ஜம்பரை எங்கே போடணும்னு படம் இருக்கும். அதைப் பார்த்துப் போடுங்க. வெஸ்டர்ன் டிஜிட்டல் பழைய டிஸ்க்குகள்ல தனியா இருக்கிறதுக்கு ஒரு நிலை, துணையோட முதலா இருக்கிறதுக்கு இன்னொரு நிலை. சி.டி டிரைவைக் கழட்டிட்டு டிஸ்க் தெரியாமப்போச்சுன்னா, காரணம் இதுவா இருக்கலாம்.

இந்தக் கேபிளைக் கழட்டும்போது நேரா இழுங்க. கோணலா இழுத்தா டிஸ்க்ல இருக்கிற ஊசிக் கம்பிகள் வளைஞ்சிடும். ஓரத்துல சிவப்புக் கோடு இருக்கிற பக்கம்தான் 1-ம் எண் பக்கம். திருப்பி மாட்டிடாதீங்க. பவர் சப்ளை பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதுக்குள்ள ஷாக் அடிக்கிற அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

புது டிஸ்க்கை பழைய மெஷின்ல மாட்டினவங்களுக்கு

"பெரிய டிஸ்க் வாங்கி மாட்டினேன், பாதிதான் காட்டுது"ன்னு சொல்றவங்களும் உண்டு. பழைய பயாஸ், டிஸ்க்ல இருக்கிற கட்டங்களை எண்ண 28 பிட் எண்ணைப் பயன்படுத்தும். ஒரு கட்டத்துக்கு 512 பைட்னு கணக்குப் போட்டா, அதிகபட்சம் 137 ஜி.பி-தான் எண்ண முடியும். ஒட்டுப் போடாத ஆரம்பகால எக்ஸ்.பி-க்கும் இதே வரம்புதான். எம்.பி.ஆர் பார்ட்டிஷன் முறைக்கு 2 டி.பி சொச்சம் வரைக்கும்தான் எண்ணத் தெரியும். டிஸ்க்ல கோளாறு இல்லை. எண்ணத் தெரியாத ஆள்கிட்ட மாட்டியிருக்கு, அவ்வளவுதான். பழைய மெஷினுக்கு அது எண்ணக்கூடிய அளவுல டிஸ்க் வாங்குறதே புத்திசாலித்தனம்.

இந்த ரெண்டு பட்டனை மட்டும் தொடாதீங்க

டிஸ்க்கைக் கழட்டி வேற லேப்டாப்ல மாட்டிப் படங்களை எடுக்கலாம். அதுக்குன்னு யு.எஸ்.பி அடாப்டர் கிடைக்குது. ஐ.டி.இ-க்கும் சாட்டாவுக்கும் சேர்த்தே வருது. டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேணும். அதனால தனி பவர் அடாப்டரோட வர்றதாப் பார்த்து வாங்குங்க. 2011-ல இருந்து பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப் இன்னும் ஓடிக்கிட்டு இருந்தா, அதுவே இந்த வேலைக்குப் போதும்.

மாட்டினதும் விண்டோஸ் உங்ககிட்ட கேட்கலாம்: "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் பண்ணணும், பண்ணட்டுமா?" இல்லைன்னா, "இனிஷியலைஸ் பண்ணட்டுமா?" ரெண்டுக்கும் ஒரே பதில்: கேன்சல். அது கட்டளை இல்லை. 'எனக்கு இதைப் படிக்கத் தெரியலை'ங்கிறதை விண்டோஸ் சொல்ற விதம் அது. ஃபைல்கள் உள்ளேயே பத்திரமா இருக்கலாம். 'டெஸ்ட்டிஸ்க்', 'ஃபோட்டோரெக்'னு இலவச சாஃப்ட்வேர்கள் இருக்கு, அதுல பார்க்கலாம். மீட்கிற படங்களை அதே டிஸ்க்ல சேமிக்காதீங்க. வேற இடத்துலதான் சேமிக்கணும்.

ஃபோல்டரைத் திறந்தா 'அனுமதி இல்லை'ன்னு வந்தா பதறாதீங்க. பழைய கம்ப்யூட்டரோட யூசர் கணக்குல இருந்ததால அப்படி வருது. 'கன்டினியூ' கொடுத்தா திறக்கும்.

'கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ'ங்கிற இலவச சாஃப்ட்வேர்ல டிஸ்க்கோட உடல்நிலையைப் பார்க்கலாம். 'காஷன்'னு மஞ்சள்ல காட்டினா, ஸ்கேன், ரிப்பேர்னு எதையும் ஓட்டாதீங்க. நோயாளியை ஓடவிட்டு டெஸ்ட் பண்ற மாதிரி அது. முதல்ல முக்கியமான படங்களைக் காப்பி பண்ணுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

கடைக்குத்தான் போகணும்னா...

உங்களால முடியலைன்னா தப்பே இல்லை. ஆனா, கடையில கொடுக்கும்போது "கம்ப்யூட்டர் ஆன் ஆகலை, சரிபண்ணிக் குடுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வராதீங்க. அவர் அதைச் சரியா செஞ்சு, ஃபார்மட் பண்ணி, புது விண்டோஸ் போட்டுக் கொடுத்துடுவார். அவர் மேல தப்பு சொல்ல முடியாது; நீங்க கேட்டது அதைத்தான். "அண்ணே, எனக்கு கம்ப்யூட்டர் முக்கியமில்லை. உள்ள இருக்கிற போட்டோதான் வேணும். என்னைக் கேட்காம ஃபார்மட் பண்ணாதீங்க"ன்னு சொல்லுங்க. அதையே ஒரு பேப்பர்ல எழுதி கேபினட் மேல ஒட்டிடுங்க. டிஸ்க்கோட சீரியல் எண்ணைப் படம் எடுத்து வெச்சுக்கோங்க.

'டக் டக்' சத்தம் போடுற டிஸ்க்கை "திறந்து பார்க்கிறேன்"னு யார் சொன்னாலும் கொடுக்காதீங்க. தூசியே இல்லாத தனி அறையிலதான் அதைத் திறக்கணும். அந்த வசதி உள்ள டேட்டா ரெக்கவரி நிறுவனங்கள் பெரிய நகரங்கள்ல இருக்கு. செலவு ஆயிரக்கணக்குல ஆகும். அவசரம் இல்லைன்னா, டிஸ்க்கை அப்படியே உலர்ந்த இடத்துல பத்திரமா வைங்க. காசு சேர்ந்ததும் பார்த்துக்கலாம். ஆன் பண்ணாத டிஸ்க்ல கீறல் விழாது.

போட்டோ கிடைச்சாச்சா?

முதல் ஹார்டு டிஸ்க்கை ஐ.பி.எம் நிறுவனம் வெளியிட்டது 1956-ல. ஃப்ரிட்ஜைவிடப் பெரிய பெட்டிக்குள்ள 50 தட்டுகள். அத்தனையும் சேர்த்து சுமார் 5 எம்.பி-தான். உங்க போன்ல எடுக்கிற ஒரு போட்டோவுக்கே அது பத்தாம போகலாம். அன்னிக்கு இருந்து இன்னிக்கு வரைக்கும் மாறாத ஒரு உண்மை, சுத்துற எந்தத் தட்டும் ஒருநாள் நிக்கும்ங்கிறதுதான்.

அதனால, கம்ப்யூட்டர் திறந்த அன்னிக்கே படங்களை ரெண்டு இடத்துல காப்பி பண்ணுங்க. ஒண்ணு வெளி டிஸ்க்ல, இன்னொண்ணு கிளவுடுல. வெளி டிஸ்க்கை அந்தக் கம்ப்யூட்டர் இருக்கிற வீட்டுலயே வைக்காம உங்களோட எடுத்துட்டுப் போங்க. வீட்டுல மழைத்தண்ணி புகுந்தாலும் ஒண்ணு மிஞ்சும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அனுப்பும்போது 'டாக்குமென்ட்'டா அனுப்புங்க. போட்டோவா அனுப்பினா தரம் குறைஞ்சிடும். விண்டோஸ் எக்ஸ்.பி-க்கு 2014-லயும் விண்டோஸ் 7-க்கு 2020-லயும் பாதுகாப்பு அப்டேட் நின்னுபோச்சு. அதனால, அந்த மெஷினை இன்டர்நெட்ல இணைச்சு பேங்க் வேலை எல்லாம் பார்க்க வேண்டாம்.

அப்புறம், மறக்காம தாத்தாவோட அறுபதாம் கல்யாணப் போட்டோவை ஸ்டூடியோவுல கொடுத்து பெருசா பிரின்ட் போடுங்க. அதை ஆன் பண்ண எந்தப் பேட்டரியும் வேண்டாம். அம்மா கேட்டதும் அவ்வளவுதானே!